மீச்சிறு வர்க்கமா, ரோபஸ்ட் முறையா? நேர்கோடு பொருத்தும்போது எதை எப்போது எடுப்பது

பெல்ஜியப் பொருளாதார அமைச்சகம் வெளியிட்ட ஒரு சின்ன அட்டவணை இந்தத் துறையில் எல்லோருக்கும் பழக்கமானது. 1950 முதல் 1973 வரை 24 ஆண்டுகள். ஒவ்வோர் ஆண்டும் எத்தனை மில்லியன் தொலைபேசி அழைப்புகள் என்ற கணக்கு. 1950இல் 4.4, 1955இல் 7.3, 1960இல் 13.5, 1962இல் 16.1 என்று நிதானமாக ஏறிவருகிறது. 1964இல் திடீரென்று 119. அங்கிருந்து ஏறி 1969இல் 212. அடுத்த ஆண்டே 43, அதற்கடுத்து 24. நடந்தது இதுதான்: 1964 முதல் 1969 வரை அழைப்புகளின் எண்ணிக்கைக்குப் பதிலாக அழைப்பு நிமிடங்கள் பதிவாகிவிட்டன. மாற்றம் நடந்த 1963, 1970 இரண்டிலும் இரு அளவுகளும் கலந்திருக்கின்றன.

அளவு மாறியது தெரியாமல் இந்தத் தரவு நம் கைக்கு வந்தால் என்ன ஆகும்? நான்கு முறைகளில் கோடு பொருத்திப் பார்த்தால் (மீச்சிறு வர்க்கம் என்பது புள்ளிகளுக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளிகளின் வர்க்கங்களைக் கூட்டி, அந்தக் கூட்டல் ஆகக் குறையும் கோட்டை எடுப்பது; மற்ற மூன்றும் ஒதுங்கிய புள்ளிகளுக்கு எளிதில் அசையாத ‘ரோபஸ்ட்’ வகை, விளக்கம் கீழே வரும்):

| முறை | ஆண்டுக்கு ஏற்றம் (மில்லியன்) | 1973க்கான மதிப்பீடு |
|---|---|---|
| மீச்சிறு வர்க்கம் | 5.04 | 108.0 |
| ஹியூபர் | 2.04 | 46.4 |
| எல்டிஎஸ் | 1.16 | 28.5 |
| எம்எம் | 1.10 | 27.9 |

1973இன் உண்மையான பதிவு 29. சந்தேகத்துக்குரிய 1963 முதல் 1970 வரையிலான எட்டு ஆண்டுகளையும் கையால் எடுத்துவிட்டு, மீதி 16 புள்ளிகளுக்கு மீச்சிறு வர்க்கக் கோடு போட்டால் சாய்வு 1.08 வருகிறது. எந்த ஆண்டு தவறு என்று யாரும் சொல்லாமலே எம்எம் முறை ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்து சேர்கிறது. மீச்சிறு வர்க்கக் கோடோ 1950இல் மைனஸ் 8 மில்லியன் அழைப்புகள் நடந்ததாகச் சொல்கிறது.

இதைவிடக் கவலைப்பட வேண்டியது, அந்தத் தவறான கோடு பார்வைக்கு ஒழுங்காகத் தெரிவதுதான். சாய்வின் திட்டப் பிழை 1.66, டி மதிப்பு 3.04, பி மதிப்பு 0.006. ‘இந்தச் சாய்வு தற்செயல் அல்ல’ என்று நிரல் போடும் நட்சத்திரக் குறிகளை மட்டும் பார்ப்பவர் திருப்தியோடு அறிக்கை எழுதிவிடுவார்.

எச்சங்களைப் பார்த்தால், அதாவது ஒவ்வொரு பதிவும் கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்தால், பிடிபடாதா? பிடிபடாது. எச்சங்களின் திட்ட விலக்கம் 56.2. ஆகப் பெரிய தவறான 1969இல் கோடு 87.8 என்கிறது, பதிவு 212. வித்தியாசம் 124, அதாவது 2.2 திட்ட விலக்கம். ‘2.5ஐத் தாண்டினால் சந்தேகப்படு’ என்ற வழக்கமான விதியில் அது தப்பிவிடுகிறது. 1964இன் எச்சம் 1.0தான். சரியான பதிவான 1973இன் எச்சமோ மைனஸ் 1.4. நல்ல புள்ளி கெட்ட புள்ளியைவிட மோசமாகத் தெரிகிறது! கோட்டையும் சிதறல் அளவையும் தவறான புள்ளிகளே தீர்மானித்துவிட்டதால், அவை தங்களைத் தாங்களே மறைத்துக்கொள்கின்றன. எம்எம் பொருத்தலில் சிதறல் அளவு 2.13. அந்த அளவுகோலில் 1964இன் எச்சம் 47 மடங்கு, 1969இன் எச்சம் 88 மடங்கு, 1970 கிட்டத்தட்ட 8.6 மடங்கு. 1963 மட்டும் 2.0இல் விளிம்பில் நிற்கிறது. ஓரளவே கலந்த ஆண்டு அப்படித்தான் தெரிய வேண்டும்.

சின்னத் தரவில் இந்தக் கண்டுபிடிப்பு விதிகள் இன்னும் பலவீனம். ஒரு கோட்டுக்குப் பத்துப் புள்ளிகள் மட்டும் இருந்தால், திட்டப்படுத்திய எச்சம் (திட்ட விலக்கத்தின் மடங்காகச் சொன்ன எச்சம்) எக்காரணம் கொண்டும் 8இன் வர்க்கமூலமான 2.83ஐத் தாண்ட முடியாது. அங்கே ‘மூன்று சிக்மாவை, அதாவது மூன்று திட்ட விலக்கத்தை, தாண்டியதை நீக்கு’ என்ற விதி ஒருநாளும் வேலை செய்யாது. அவுட்லையர் (கூட்டத்திலிருந்து ஒதுங்கிய புள்ளி) பத்தாயிரம் மடங்கு பெரிதாக இருந்தாலும் சரி.

பழைய முறையின் நியாயம்

மீச்சிறு வர்க்க முறையை லெஜாந்தர் 1805இல் வெளியிட்டார். காஸ் 1809இல் அதற்கு நிகழ்தகவு அடிப்படை தந்தார். பிழைகள் இயல்நிலைப் பரவலில் இருந்தால் அதைவிடச் சிக்கனமாகத் தரவைப் பயன்படுத்தும் முறை கிடையாது. எச்சங்களின் வர்க்கத்துக்குப் பதில் அவற்றின் நேரளவை (பிளஸ், மைனஸ் குறியை விட்ட அளவை) கூட்டிக் குறைக்கும் முறை அதைவிடப் பழையது, 1750களில் பாஸ்கோவிச் செய்தது. அதன் திறன் இயல்நிலைப் பரவலில் 64 சதவீதம்தான்: மீச்சிறு வர்க்கம் 64 அளவீடுகளில் தரும் துல்லியத்துக்கு இதற்கு 100 வேண்டும்.

இந்த இழப்பு எப்போது பொருட்படுத்தத் தக்கது என்பதில் ஒரு பழைய விவாதம் உண்டு. சிதறலை அளக்க வர்க்கச் சராசரியைவிட எச்சங்களின் நேரளவுச் சராசரியே நடைமுறையில் நன்றாக இருக்கிறது என்று வானியலாளர் எடிங்டன் எழுதினார். இயல்நிலைப் பரவலில் அதற்கு 12 சதவீதத் திறன் இழப்பு என்று 1920இல் புள்ளியியலாளர் ஃபிஷர் நிறுவினார். கணக்கு ஃபிஷர் பக்கம். ஆனால் ஆயிரத்துக்கு இரண்டு அளவீடுகள் மட்டும் மூன்று மடங்கு சிதறலோடு வந்தாலே அந்த 12 சதவீத லாபம் கரைந்துவிடும் என்று பின்னால், 1960இல், டூக்கி காட்டினார். ஆயிரத்துக்கு இரண்டு தவறு இல்லாத கைப்பதிவேடு எங்கே இருக்கிறது? ரோபஸ்ட் முறைகளுக்கான முழு நியாயமும் இந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது.

ஹியூபர் எங்கே நின்றுவிடுகிறது

‘அவுட்லையர் இருக்கிறது, ஹியூபர் போட்டாயிற்று’ என்ற வரி அறிக்கைகளில் அடிக்கடி வரும். இந்த அரைப் பாதுகாப்பைத்தான் எல்லாவற்றையும்விட ஆபத்தானதாகக் கருத வேண்டும். மீச்சிறு வர்க்கம் போட்டவருக்குச் சந்தேகமாவது இருக்கும்.

ஹியூபர் முறை 1964இல் வந்தது. சிதறல் அளவின் 1.345 மடங்குக்குள் இருக்கும் எச்சத்துக்கு முழு எடை. அதைத் தாண்டினால் எச்சம் பெரிதாகும் விகிதத்திலேயே எடை குறையும். 1.345 என்ற எண், இயல்நிலைப் பரவலில் 95 சதவீதத் திறன் கிடைப்பதற்காகத் தேர்ந்தெடுத்தது. தொலைபேசித் தரவில் இது எப்படித் தோற்கிறது என்று கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஹியூபர் கோட்டில் 1969இன் எச்சம் 174, சிதறல் அளவு 9.03. எடை வெறும் 0.07. ஒழிந்தது என்று தோன்றும். ஆனால் கோட்டை இழுக்கும் விசை எடையும் எச்சமும் பெருக்கியதுதான்: 0.07 × 174, ஏறத்தாழ 12 மில்லியன். எச்சம் ஆயிரமானாலும் இந்த 12 குறையாது. உச்சவரம்பு உண்டே தவிர விடுதலை இல்லை. ஆறு ஆண்டுகளும் ஒரே பக்கம், அதுவும் வலது ஓரத்துக்கு அருகில், ஆளுக்கு 12 என்று இழுக்கின்றன. சாய்வு இரு மடங்காகி நிற்கிறது. அந்த 9.03உம் கெட்ட கோட்டிலிருந்து வந்த வீங்கிய அளவுதான்.

டூக்கியின் இருவர்க்க எடை இங்கே வேறுமாதிரி நடக்கும். 4.685 மடங்கைத் தாண்டினால் எடை முழுப் பூஜ்யம், இழுவையும் பூஜ்யம். ஆனால் அந்த முறைக்கு ஒரே ஒரு தீர்வு கிடையாது. எங்கிருந்து தொடங்குகிறோமோ அதற்கு அருகிலுள்ள தீர்வில் போய் நிற்கும். தொலைபேசித் தரவில் மீச்சிறு வர்க்கக் கோட்டிலிருந்து தொடங்கியும் சாய்வு 1.10க்கு வந்துவிடுகிறது. எல்லாத் தரவிலும் அப்படி வாய்க்காது.

வாய்க்காத தரவுக்குப் பிரபலமான உதாரணம், சிக்னஸ் ஓபி1 என்ற விண்மீன் கூட்டத்தின் 47 விண்மீன்கள். கிடையச்சில் மேற்பரப்பு வெப்பநிலையின் மடக்கை, நெடுக்கச்சில் ஒளிர்வின் மடக்கை. முதன்மை வரிசையில் (சாதாரண விண்மீன்கள் அமையும் பட்டையில்) வெப்பம் கூடினால் ஒளியும் கூடும். பெரும்பாலான விண்மீன்களின் வெப்ப மடக்கை நாலுக்கு மேல். நான்கு சிவப்பு அரக்கர்கள் (வீங்கிப் பெரிதான, மேற்பரப்பு குளிர்ந்த விண்மீன்கள்) மட்டும் 3.5ஐ ஒட்டி, தனியாக இடது ஓரத்தில், உச்சியில் நிற்கின்றன. மீச்சிறு வர்க்கச் சாய்வு மைனஸ் 0.41: வெப்பம் கூடினால் ஒளி குறையும் என்று குறியே தலைகீழாகிவிட்டது. அந்த நான்கும் கோட்டைத் தங்கள் பக்கமே இழுத்துக்கொண்டதால் அவற்றின் எச்சங்கள் சின்னவை; எச்சத்தை மட்டும் பார்த்து எடை போடும் ஹியூபருக்கு அவற்றைத் தண்டிக்கக் காரணம் தெரிவதில்லை. அதன் கோடும் கீழ்நோக்கியே சாய்கிறது. எம்எம் முறை பிளஸ் 2.25 தருகிறது.

இங்கே தவறு நெடுக்கச்சில் இல்லை, கிடையச்சில் ஒதுங்கி நிற்பதில். இப்படிப்பட்ட நெம்புகோல் புள்ளி ஒன்றே ஒன்று போதும், மீச்சிறு வர்க்கத்தையும், நேரளவு முறையையும், ஹியூபரையும் எங்கு வேண்டுமானாலும் தூக்கிச் செல்ல. முறிவுப் புள்ளி என்று சொல்வது இதைத்தான்: எத்தனை சதவீதம் தரவு கெட்டால் விடை எல்லையில்லாமல் போகும்? இம்மூன்றுக்கும் எத்தனை அளவீடு இருந்தாலும் ஒன்றே போதும், அதாவது ஏறக்குறையப் பூஜ்யம் சதவீதம். புள்ளி ஜோடிகளின் சாய்வுகளில் நடுவானதை எடுக்கும் தீல்–சென் முறைக்கு 29.3 சதவீதம். புள்ளியியலாளர் ரூசோ 1984இல் தந்த எல்எம்எஸ் (எச்ச வர்க்கங்களில் நடுவானதைக் குறைப்பது), எல்டிஎஸ் (எச்ச வர்க்கங்களில் சிறிய பாதியை மட்டும் கூட்டிக் குறைப்பது) முறைகளுக்கு 50 சதவீதம். ஐம்பதைத் தாண்டினால் எது நல்ல தரவு, எது கெட்டது என்ற கேள்விக்கே பொருள் இல்லை.

அந்த நான்கு அரக்கர்களும் பிழையான அளவீடுகள் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். உண்மையான விண்மீன்கள், வேறு இனம். ரோபஸ்ட் கோடு அவற்றைத் தனியாகப் பிரித்துக் காட்டுகிறது. தூக்கி எறியச் சொல்வதில்லை.

எம்எம் எப்படி வேலை செய்கிறது, எங்கே சறுக்கும்

50 சதவீதம் தாங்கும் பழைய முறைகளுக்கு விலை அதிகம். எல்டிஎஸ் முறையின் திறன் அந்த அமைப்பில் 7 சதவீதம்தான். எச்சங்களின் ரோபஸ்ட் சிதறல் அளவையே ஆகக் குறைக்கும் எஸ் முறையின் திறன் 29 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. யோஹாய் 1987இல் தந்த எம்எம் முறை இரண்டையும் சேர்த்துக் கட்டியது. முதலில் எஸ் முறையால், 1.548 என்ற இறுக்கமான எல்லையோடு, 50 சதவீதம் தாங்கும் கோட்டையும் சிதறல் அளவையும் கண்டுபிடிக்கும். அந்தச் சிதறல் அளவை அப்படியே பூட்டிவிடும். பிறகு அந்தக் கோட்டிலிருந்து தொடங்கி, 4.685 என்ற தளர்ந்த எல்லையோடு இருவர்க்க எடையைச் சுற்றுச் சுற்றாகப் போடும். தாங்கும் சக்தி முதல் கட்டத்திலிருந்து, 95 சதவீதத் திறன் இரண்டாம் கட்டத்திலிருந்து.

95ஐக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டியதில்லை. எல்லை அகலமாக அகலமாக, நடுத்தரத் தூரத்தில் நிற்கும் அவுட்லையர்கள் உள்ளே நுழைந்து விடையைச் சாய்க்கும். தொலைபேசித் தரவுபோல 47 மடங்கு தள்ளி நின்றால் பிரச்சினை இல்லை. 4 மடங்கு தள்ளி நிற்பதுதான் தொல்லை. தரவு அழுக்கு என்று தெரிந்தால் எல்லையை 3.44க்குக் குறைத்து 85 சதவீதத் திறனோடு நிற்பது நல்லது.

முதல் கட்டம் தற்செயல் மாதிரிகளால் நடக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கெழுக்கள் (சாய்வு போல மதிப்பிட வேண்டிய எண்கள்) எத்தனையோ அத்தனை புள்ளிகளைக் குலுக்கி எடுத்து, அவற்றின் வழியே ஒரு தீர்வு. இப்படிப் பல நூறு முறை. எல்லாப் புள்ளிகளும் நல்லவையாக அமைந்த குலுக்கல் ஒன்றாவது வர வேண்டும். 99 சதவீத நிச்சயத்துக்கு, கால்வாசித் தரவு கெட்டிருக்கும்போது, இரண்டு கெழுக்களுக்கு 6 குலுக்கல் போதும். பத்துக் கெழுக்களுக்கு 80. பாதித் தரவு கெட்டிருந்தால் ஐந்து கெழுக்களுக்கு 146, பத்துக்கு 4,700க்கு மேல், இருபதுக்கு 48 லட்சம். ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் எம்எம் தரும் ரோபஸ்ட்பேஸ் தொகுப்பின் இயல்பான அமைப்பு 500 குலுக்கல். பத்துக் கெழு, பாதி அழுக்கு என்றால் அந்த 500இல் ஒரு சுத்தமான குலுக்கல் கிடைக்க வாய்ப்பு 39 சதவீதம்தான். ஒவ்வொரு குலுக்கலையும் நிரல் மேலும் செம்மைப்படுத்துவதால் நிலைமை இதைவிடச் சற்று மேல். ஆனாலும் கெழுக்கள் கூடினால் குலுக்கலையும் கூட்டுங்கள். குலுக்கலின் விதை எண்ணை (அதே குலுக்கலைத் திரும்ப வரவைக்கும் எண்ணை) நிரலில் எழுதி வையுங்கள். இரண்டு விதைக்கு இரண்டு விடை வந்தால் குலுக்கல் போதவில்லை, அல்லது தரவில் இரண்டு கூட்டம் இருக்கிறது என்று பொருள்.

மாவட்டம், பாலினம், பருவம் போல வகை மாறிகள் நிறைய இருந்தால் இன்னொரு சிக்கல். குலுக்கி எடுத்த புள்ளிகளில் ஏதாவது ஒரு வகைக்கு ஆளே இல்லாமல் போகும், சமன்பாடு தீராது. அதற்கென்றே ரோபஸ்ட்பேஸின் எம்எம் கட்டளையான எல்எம்ராப்பில் ‘கேஎஸ்2014’ என்ற அமைப்பு உண்டு, குலுக்கலும் ஆயிரமாகும். பாதிக்கு மேற்பட்ட பதிவுகளில் விளைவு ஒரே எண்ணாக, உதாரணமாகப் பூஜ்யமாக, இருந்தால் சிதறல் அளவே பூஜ்யமாகி முறை முழுதாக நின்றுவிடும். அது நேர்கோட்டுக்கு உரிய தரவே அல்ல.

மீச்சிறு வர்க்கத்தை விடக்கூடாத இடங்கள்

தரவு மிகக் குறைவாக இருந்தால். ஒரு கெழுவுக்கு ஐந்து அளவீடாவது இல்லாதபோது 50 சதவீதம் தாங்கும் முறை தற்செயலாக ஒரு கோட்டில் விழுந்த சில புள்ளிகளைப் பிடித்துக்கொண்டு, மீதியை அவுட்லையர் என்று ஒதுக்கிவிடும். ஆய்வகத்தில் ஆறு கரைசல்களை வைத்து அளவுத்திருத்தக் கோடு போடுபவர் ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று முறை அளப்பதே சரியான பாதுகாப்பு.

மொத்தம் தேவைப்படும்போது. காப்பீட்டுக் கோரிக்கைகள், மருத்துவச் செலவு, வெள்ளச் சேதம் இவற்றில் பெரிய எண்கள் எப்போதும் ஒரே பக்கம்தான் வரும், அவை உண்மையானவை, பணமும் அவற்றில்தான் இருக்கிறது. ரோபஸ்ட் முறை பெரும்பான்மையின் நடுவைத் தேடும். அதை ஆட்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் மொத்தம் குறைவாக வரும், கையிருப்புப் பற்றாது. இங்கே சராசரிதான் கேள்வி. சராசரியையே பொருத்தும் மாதிரிகளை, உதாரணமாக மடக்கை இணைப்போடு காமா மாதிரியை, பாருங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். பொருளியல் கட்டுரைகளில் வரும் ‘ரோபஸ்ட் திட்டப் பிழை’ முற்றிலும் வேறு சாமான். பொருளியலாளர் வைட் 1980இல் பரவலாக்கிய அந்தத் திருத்தம், சிதறல் இடத்துக்கு இடம் மாறும்போது திட்டப் பிழையைச் சரிசெய்கிறது. கெழுவைத் தொடுவதே இல்லை. தொலைபேசித் தரவில் அதைப் போட்டாலும் சாய்வு அதே 5.04தான்.

கோட்டின் வடிவமே தவறு என்றால் இரண்டு முறையும் உதவாது. ஆனால் அந்தத் தவறு ரோபஸ்ட் பொருத்தலுக்குப் பிறகுதான் கண்ணில் படும். எம்எம் எச்சங்களை வரிசையாகப் பாருங்கள்: 1950, 51 இரண்டும் பிளஸ், 1952 முதல் 1960 வரை மைனஸ், 1961, 62 மீண்டும் பிளஸ். கிண்ணம் போன்ற வளைவு. அழைப்புகள் ஆண்டுக்கு இத்தனை என்று கூடவில்லை, விகிதத்தில் கூடியிருக்கின்றன. மடக்கை எடுத்துப் பொருத்தியிருக்க வேண்டும். மீச்சிறு வர்க்கத்தின் 56.2 சிதறலில் இந்த ஒன்று ஒன்றரை மில்லியன் வளைவு தெரிந்திருக்கவே முடியாது.

கையில் எடுக்கும்போது

இரண்டையும் போடுங்கள். ஆர் மொழியில் எல்எம் (மீச்சிறு வர்க்கம்), எல்எம்ராப் (எம்எம்). கெழுக்களின் வித்தியாசம் ஒரு திட்டப் பிழைக்குள் இருந்தால் மீச்சிறு வர்க்கத்தை அறிக்கையில் வையுங்கள். வாசகருக்குப் பழக்கமானது, விளக்கம் தேவையில்லை. அதைத் தாண்டினால் எம்எம் தந்த எடைகளை ஏறுவரிசையில் அடுக்கி, 0.1க்குக் கீழே உள்ள வரிசைகளின் மூலப் பதிவைத் தேடிப் போங்கள். அலகு மாறியிருக்கிறதா, தசமப் புள்ளி நழுவியிருக்கிறதா, காணாமல் போன மதிப்புக்கு 999 போட்டிருக்கிறார்களா, வேறு இனமா. காரணம் தெரிந்தால் மூலத்தைத் திருத்தி மீண்டும் பொருத்துங்கள். தெரியாவிட்டால் எம்எம் விடையையே வைத்து, எந்தப் பதிவுகளுக்கு எடை குறைந்தது என்பதையும் எழுதுங்கள். அவற்றை அழித்துவிட்டு மீதிக்கு மீச்சிறு வர்க்கம் போட்டு அதன் திட்டப் பிழையை அறிவிப்பது சரியல்ல. விளிம்புகளை வெட்டிய தரவில் சிதறல் குறைவாகத் தெரியும், நம்பிக்கை இடைவெளி பொய்யாகச் சுருங்கும்.

நிரல் தொகுப்புகளில் பெயரை நம்பி ஏமாறும் இடங்கள் உண்டு. ஆர் மொழியின் மாஸ் தொகுப்பில் உள்ள ஆர்எல்எம் எதுவும் சொல்லாமல் கூப்பிட்டால் ஹியூபர்தான் தரும். எம்எம் வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டும். பைத்தானில் ஸ்டாட்ஸ்மாடல்ஸின் ஆர்எல்எம் அதே ஹியூபர் வகை, நெம்புகோல் புள்ளிகளுக்குக் காவல் இல்லை. சைகிட்-லேர்ன் தரும் ஹியூபர் ரெக்ரெசர், கேட்காமலே 0.0001 அளவுக்குக் கெழுக்களைச் சுருக்கும் தண்டத்தைச் சேர்க்கிறது. தூய ஹியூபர் வேண்டுமானால் அந்தத் தண்டத்தின் அளவான ஆல்பாவைப் பூஜ்யமாக்குங்கள். அதே தொகுப்பின் ரான்சாக் (குலுக்கி எடுத்த புள்ளிகளில் கோடு போட்டு, ஏற்பு எல்லைக்குள் அதிகப் புள்ளிகள் விழும் கோட்டை எடுக்கும் முறை) நெம்புகோல் புள்ளிகளைத் தாங்கும். ஆனால் அதன் இயல்பான ஏற்பு எல்லை, எச்சங்களின் சிதறலிலிருந்து வருவதில்லை. விளைவு மாறியின் இடைநிலையளவிலிருந்து உள்ள விலகல்களின் இடைநிலையளவு அது. தொலைபேசித் தரவில் அந்த எல்லை 10.2 வரும், நல்ல புள்ளிகளின் உண்மையான சிதறலைப் போல ஐந்து மடங்கு. கோடு செங்குத்தாக ஏற ஏற அது இன்னும் தளரும். எம்எம் போட்டுச் சிதறல் அளவை எடுத்து, அதன் 2.5 மடங்கை எல்லையாகக் கையால் கொடுத்தால் ரான்சாக் ஒழுங்காக நடக்கும். திட்டப் பிழை மட்டும் அது தராது. அதற்கு எல்எம்ராப் பக்கம்தான் வர வேண்டும்.